கருப்பநீரின் இனிப்பைக் காக்க: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பனம்பாளையைச் சீவும்போது கசிகிற சாற்றில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை சீனி உண்டு. முட்டிக்குள் அது சொட்டத் தொடங்கியதுமே ஈஸ்ட் அந்தச் சீனியைத் தின்னத் தொடங்கிவிடும். யாரும் ஈஸ்ட் போட வேண்டியதில்லை. பாளையிலும் காற்றிலும் முட்டியின் நுண்துளைகளிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. காலைக் கள்ளில் இனிப்பு மிஞ்சியிருப்பதும், அதே கள்ளு பின்னேரம் புளித்துப்போவதும் இதனால்தான். சீனி மதுசாரமாகிறது, விட்டுவைத்தால் மதுசாரம் வினாகிரியாகப் போகிறது. யாழ்ப்பாணத்து வெயிலில் சில மணித்தியாலத்திலேயே மாற்றம் நாக்குக்குத் தெரிந்துவிடும்.

இந்த ஓட்டத்தை மரத்திலேயே மறித்து, சாற்றை இனிப்பாகவே இறக்கினால் அது கருப்பநீர். தமிழ்நாட்டில் பதநீர் என்பார்கள். மறிப்பது முட்டியின் உட்புறம் பூசுகிற சுண்ணாம்பு. வைனோ சைடரோ வைக்கிற எந்த நாட்டுக்காரருக்கும் இருக்கிற கவலை, சீனியில் எவ்வளவை ஈஸ்டுக்குக் கொடுப்பது, எவ்வளவை எமக்கு வைத்துக்கொள்வது என்பது. எங்கள் சீவல் தொழிலாளர்கள் அதற்கு ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பால் விடை கண்டிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள மயிலிட்டியின் மக்கள் போரினால் 1990 ஜூனில் ஊரை விட்டுப் போனார்கள். துறைமுகமும் அதைச் சூழ்ந்த ஒரு துண்டு நிலமும் 2017 ஜூலையில்தான் இராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்தன. மற்றக் காணிகள் கட்டம் கட்டமாக. இடையில் 27 ஆண்டு போய்விட்டது. அந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளை கருப்பநீரைக் கோப்பையில் கண்டிருக்கலாம். முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுவதைக் கண்டிருக்க வாய்ப்புக் குறைவு. வளவைத் துப்புரவாக்கி, தப்பி நிற்கிற பனைகளை அண்ணாந்து பார்த்து, இதில் கருப்பநீர் எடுக்கலாமா என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று: இனிப்பைக் காக்கிற வேலை மரத்திலேயே முடிந்துவிட வேண்டும். ஈஸ்ட் தின்ற சீனியை அடுப்படியில் எவராலும் மீட்க முடியாது.

முட்டி கட்டுவதற்கு முன்

* அனுமதியை முதலில் கேட்டறியுங்கள். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கள்ளுத் தரும் மரத்தைச் சீவுவதும் மதுபானம் செய்வதும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறவை. கருப்பநீரில் வெறி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மரத்தில் தொங்குகிற முட்டியைக் கீழே நின்று பார்க்கிற அதிகாரிக்கு அது தெரியாது. உங்கள் பகுதிப் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தில் விசாரியுங்கள். சீவத் தெரிந்தவர் யார், எந்த மரம் தோதானது என்பதையும் அங்கேயே கேட்கலாம்.

* பழக்கமில்லாத எவரையும் மரத்தில் ஏற்றாதீர்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பெடியன் ஆசைப்படுகிறான் என்பதற்காகவும் ஏற்றாதீர்கள். பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவரின் மிச்ச வாழ்க்கை கட்டிலில் போகும்.

* கள்ளு முட்டியைக் கருப்பநீருக்குக் கட்டாதீர்கள். கழுவினாலும் சரி, வெயிலில் காயவைத்தாலும் சரி. மண்முட்டியின் துளைகளில் ஈஸ்ட் ஊறியிருக்கும். கள்ளு இறக்குகிறவருக்கு அது நல்லது. அடியில் கொஞ்சம் மண்டி இருந்தால் அடுத்த சாறு கெதியாகப் பொங்கும் என்று அவர் அதை விரும்பியே விடுவார். கருப்பநீருக்கு அதே மண்டி எதிரி. இரண்டுக்கும் முட்டியைப் பிரித்து வையுங்கள். கழுத்தில் வேறு நிறக் கயிறு கட்டினால் இருட்டோடு மரம் ஏறுகிறவருக்கும் குழப்பம் வராது.

* இறக்கிய முட்டியை அன்றன்றே கொதிநீரால் கழுவி, கவிழ்த்து வைத்து நெருப்பில் சூடு காட்டுங்கள். புதிய சுண்ணாம்பு பழைய அழுக்கின் மேல் படக்கூடாது. பழைய பூச்சுப் பொருக்கைச் சுரண்டி எடுத்த பிறகே அடுத்த பூச்சு. பாளைக்கத்தியையும் கழுவித் துடையுங்கள். முட்டி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சீவுகிற கத்தி அழுக்கென்றால் சாறு வெட்டுவாயிலேயே கெடும்.

* முட்டியின் வாயைத் திறந்தபடி விடாதீர்கள். எறும்பும் தேனீயும் மட்டும் வருவதில்லை, இரவில் வௌவாலும் வரும். பங்களாதேஷில் 2001 தொடக்கம் நிபா வைரசு தொற்றியவர்களில் பலர் பச்சையாக ஈச்சஞ்சாறு குடித்தவர்கள். பழந்தின்னி வௌவால்கள் அந்தச் சாற்றுப் பானையில் வாய் வைத்தும் சிறுநீர் கழித்தும் போனதே காரணம் என்று கண்டறிந்தார்கள். மூங்கில் தட்டியால் பானையையும் வெட்டுவாயையும் சேர்த்து மூடினால் வௌவாலால் கிட்ட வர முடியாது என்பதும் அங்கேயே சோதித்துப் பார்த்தது. எங்கள் மரத்துக்குப் பன்னாடையும் ஓலையும் போதும், வெட்டுவாயும் சேர்ந்து மூடப்பட்டால்.

சுண்ணாம்பு

எல்லா இனிப்பும் இந்த ஒரு பூச்சில் தங்கியிருக்கிறது. ஈஸ்டுக்கும் புளிக்கவைக்கிற பக்றீரியாவுக்கும் கொஞ்சம் புளிப்பான இடம் பிடிக்கும். சுண்ணாம்பு சாற்றைக் காரமாக்கிவிடுகிறது, அவை பெருக முடியாமல் முடங்கிவிடுகின்றன. முற்றாகச் சாவதில்லை. அதனால் சுண்ணாம்பு ஓர் அவகாசத்தை மட்டுமே தருகிறது. அந்த அவகாசத்துக்குள் சாற்றை இறக்கி, வடித்து, குடிக்கவோ காய்ச்சவோ வேண்டும்.

* வெற்றிலைக்குப் போடுகிற தரத்தில், சிப்பியைச் சுட்டு நீற்றிய வெள்ளைச் சுண்ணாம்பைப் பாவியுங்கள். நீறாத கட்டி இருந்தால் அரித்துவிடுங்கள்.

* சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பைத் தொடாதீர்கள். அதில் நீலம், பசை, சீமெந்து என்று எதுவும் கலந்திருக்கலாம். வீடு திருத்துகிற ஊரில் முற்றத்தில் பாதிப் பை கிடக்கும், கை அதற்குப் போகும். போகவிடாதீர்கள்.

* தயிர்ப் பதத்துக்குக் கரைத்து, முட்டியின் அடியிலும் பக்கத்திலும் பாதி உயரம் வரை சீராகப் பூசுங்கள். அடியில் மட்டும் ஒரு கட்டியாகப் போட்டுவிட்டால் மேலே நிற்கிற சாறு புளிக்கும், அடியில் இருக்கிறது நாக்கைச் சுடும்.

* ஒரே அளவை எல்லா நாளும் போடாதீர்கள். மாசியின் குளிர்ந்த இரவுக்குக் குறைய, சித்திரை வெக்கைக்குக் கூட. சாறு கூடுதலாக வடிகிற மரத்துக்குக் கூட. இரவு முழுவதும் தொங்குகிற முட்டிக்கும் பகலில் கொஞ்ச நேரம் மட்டும் தொங்குகிற முட்டிக்கும் ஒரே பூச்சு இருக்கக் கூடாது. கைதேர்ந்தவர் இதைக் கண்ணால் அளப்பார். மற்றவர்களுக்கு மஞ்சள் இருக்கிறது.

* மஞ்சளால் சோதியுங்கள். வெள்ளைத் தாள் ஒன்றில் மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசி நிழலில் காயவிடுங்கள். சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி மூடிய போத்தலில் வைத்தால் பருவம் முழுவதும் காணும். இறக்கிய சாற்றில் ஒரு சொட்டை அதில் விடுங்கள். மஞ்சள் செம்மண் நிறத்துக்குத் திரும்பினால் சுண்ணாம்பு வேலை செய்கிறது. நிறம் மாறாமல் மஞ்சளாகவே நின்றால் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது, புளிப்பு உள்ளே வந்துவிட்டது. சொட்டு விழுந்த கணமே இரத்தச் சிவப்பாகிறதென்றால் பூச்சு மிஞ்சிவிட்டது, நாளைக்குக் குறையுங்கள். குங்குமம் செய்கிறவர்கள் மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்க்கும்போது நடக்கிற அதே மாற்றம்தான். இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. முட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றிவிட்டுப் பார்த்தால் எந்த மரத்து முட்டி கெட்டது என்று தெரியாது.

* இனிப்பு நில்லாமல் போகுமோ என்ற பயத்தில் சுண்ணாம்பை அள்ளிப் பூசாதீர்கள். அதிகமானால் தொண்டை கரகரக்கும், வாயில் சவர்க்காரச் சுவை நிற்கும், காய்ச்சுகிற பனங்கட்டி கறுக்கும்.

* சுண்ணாம்புக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கிற வேறு எந்த மருந்தையும் போடாதீர்கள். பாலைக் கெடாமல் வைக்க என்று போர்மலின் கலக்கிற கெட்ட பழக்கம் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பிள்ளைகள் குடிக்கிற பானத்துக்குப் பக்கத்தில் அது வரவே கூடாது.

இறக்கிய பிறகு

* விடியற்புறமே இறக்குங்கள். வெயில் முட்டியைச் சுட்ட பிறகு இறக்குகிற சாற்றுக்கு முந்திய இரவின் காவல் போதாது.

* நேற்றைய மிச்சத்தை இன்றைய சாற்றோடு சேர்க்காதீர்கள். வீணாகப் போகிறதே என்று ஒரு கோப்பை பழையதை ஊற்றினால் ஒரு வாளி புதியது கெடும். பாலுக்கு உறை குத்துவதுபோல.

* துணியில் வடித்து, அசையாமல் கொஞ்ச நேரம் வையுங்கள். மிஞ்சிய சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் மெதுவாகச் சரித்து எடுங்கள். அடியில் கிடக்கிற வெள்ளை மண்டியைப் பிழிந்து எடுக்க வேண்டாம்.

* மூடி இறுக்கிய போத்தலில் பச்சைக் கருப்பநீரை அடைத்து வைக்காதீர்கள். பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோகிற ஆசையில் இதைச் செய்பவர்கள் உண்டு. சூட்டில் சுண்ணாம்பின் காவல் முடிந்ததும் ஈஸ்ட் எழும்பும், வாயு சேரும், போத்தல் வெடிக்கும். குளிரூட்டியில் வைத்தால் வேகம் குறையும், நிற்காது. ஒரு நாளுக்குள் குடித்து முடியுங்கள். அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் காய்ச்சுங்கள்.

அடுப்பில்

* அலுமினியப் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள். காரமான சாறு அலுமினியத்தை அரிக்கும். இரும்புத் தாச்சியோ எவர்சில்வரோ நல்லது.

* காய்ச்சுமுன் மஞ்சள் தாளை இன்னொரு தடவை எடுங்கள். பனங்கட்டி இறுகுவதும் இறுகாமல் களியாய்ப் போவதும் இங்கேதான் தீர்மானமாகிறது. சுக்குரோசு புளிப்பில் கொதித்தால் உடைந்து குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரிந்துவிடும். இனிப்பு இருக்கும், ஆனால் கட்டியாகாது. எவ்வளவு விறகு எரித்தாலும் பிசுபிசுவென்று நிற்கும், குட்டானுக்குள் ஊற்றினால் ஒழுகும். அப்படியான சாறு வந்துவிட்டால் கட்டியாக்கப் போராட வேண்டாம். தேன் பதத்தில் இறக்கிப் பாணியாக வையுங்கள். தோசைக்கும் புட்டுக்கும் அது போதும்.

* ஒரு கிலோ பனங்கட்டிக்குச் சுமார் 8 முதல் 10 லீற்றர் கருப்பநீர் வேண்டும். இதைக் கணக்கில் வைத்துக்கொண்டே அடுப்பு மூட்டுங்கள். இரண்டு மரத்துச் சாற்றை வைத்துக்கொண்டு வருடத்துக்குத் தேவையான பனங்கட்டி காய்ச்சலாம் என்று நினைக்கிறவர்கள் விறகுக்காசைத்தான் இழப்பார்கள். சாறு கொஞ்சம் என்றால் குடியுங்கள், கஞ்சி வையுங்கள்.

* பொங்கி வரும்போது தண்ணீர் தெளிக்காதீர்கள். காய்ச்சுகிற நேரம் நீளும். ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் நுரையை அடக்கும்.

* சீனி கலக்காதீர்கள். புளித்த சாற்றின் பிழையை மறைக்கவும் நிறையைக் கூட்டவும் சந்தையில் இது நடக்கிறது. வெள்ளைச்சீனி போட்டுக் காய்ச்சிய கட்டிக்குப் பனங்கட்டி என்று பெயர் வைத்து விற்பது, மரம் ஏறி நேர்மையாகக் காய்ச்சுகிறவரின் பிழைப்பில் கைவைப்பது. அவருடைய கட்டியின் விலை ஏன் கூட என்று கேட்கிற வாடிக்கையாளருக்கு அவரால் விளக்கம் சொல்லி மாளாது. வீட்டுக்குக் காய்ச்சும்போதும் இந்தப் பழக்கம் வேண்டாம்.

* கருப்பநீரைத் தெளிவாக்க உரக்கடைச் சூப்பர் பொஸ்பேற்றுப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டால் அதைப் பின்பற்றாதீர்கள். ஆலைகளில் சுண்ணாம்பை நீக்க உணவுத் தரமான பொசுபோரிக் அமிலமோ காபனீரொட்சைட்டோ அளந்து சேர்ப்பார்கள். வயலுக்குப் போடுகிற உரம் உணவுக்கென்று சுத்திகரித்ததல்ல. வீட்டில் தெளிய வைப்பதும் துணியில் வடிப்பதும் காணும்.

குடிக்கும்போது

* மாங்காய்த் துண்டு போட்டுக் குடியுங்கள். பருவமும் ஒத்துவரும். பச்சை மாங்காயின் புளிப்பு, மிஞ்சி நிற்கிற சுண்ணாம்பின் காரத்தை ஆற்றுகிறது. ஓலைப் பிளாவில் கருப்பநீரை வார்த்து, கீறிய மாங்காயைப் போட்டுக் கொஞ்சம் பொறுத்தால், முதலில் கலங்கலாயிருந்த ருசி துலங்கி வருவது தெரியும். முன்னோர் நாக்கால் கண்டதைத்தான் இரசாயனம் பிறகு விளக்குகிறது.

* நீரிழிவு உள்ளவர்கள் இதை மருந்தாக நினைக்காதீர்கள். பனையிலிருந்து வந்தது, இயற்கை, ஆகவே சீனி வருத்தத்துக்குக் கெடுதலில்லை என்கிற பேச்சு எங்கள் ஊர்களில் பலமாக இருக்கிறது. அது பிழை. 200 மில்லிலீற்றர் கோப்பையில் 20 முதல் 30 கிராம் சீனி இருக்கிறது. 5, 6 தேக்கரண்டிக்குச் சமம். பனங்கட்டியும் சீனிதான். வீட்டில் வயதானவர் ஆசையாகக் கேட்டால் இரண்டு மிடறு கொடுங்கள். போத்தலைக் கையில் கொடுக்காதீர்கள்.

* நுரை கட்டி, மூக்கில் கள்ளு மணம் ஏறுகிற கருப்பநீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். கொஞ்சம்தானே என்று சொல்ல வேண்டாம். புளித்து முடிந்த கள்ளில் நூற்றுக்கு 4 முதல் 6 பங்கு மதுசாரம் இருக்கும்; பியரின் அளவு. வழியில் எந்தக் கட்டத்தில் அது நிற்கிறது என்று கோப்பையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வெளிநாட்டில் வைனும் சைடரும் வைப்போருக்கு

மயிலிட்டியார் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் சுவிசிலும் இருக்கிறார்கள். அங்கே பனை இல்லை. அப்பிளும் முந்திரிகையும் மலிவு. இங்கிலாந்திலும் கனடாவிலும் விற்பனைக்கு இல்லாமல் சொந்தத் தேவைக்கு வீட்டில் வைன் வைப்பதற்குச் சட்டம் இடம் தருகிறது. இலங்கையில் அனுமதியின்றிச் செய்ய முடியாது. இங்கே வைன் வேண்டுமென்றால் தோலகட்டி தூரமில்லை. தோமஸ் அடிகளார் 1928இல் தொடங்கிய செபமாலைத் தாசர் மடத்தின் முந்திரிகை வைனும் நெல்லிரசமும் யாழ்ப்பாணம் முழுவதும் அறிந்தவை. ஆகவே பின்வருவது வெளிநாட்டு உறவுகளுக்கு மட்டும்.

* நத்தார் வைனுக்குப் பழத்துக்குச் சமமாகச் சீனி போடுகிற பழைய கணக்கை விடுங்கள். ஒரு கிலோ முந்திரிகை, ஒரு கிலோ சீனி, ஒரு லீற்றர் தண்ணீர் என்றால் லீற்றருக்கு 400 கிராமுக்கு மேல் சீனி நிற்கும். அவ்வளவு சீனிக்குள் ஈஸ்ட் திணறும்; பாதியில் நின்றுவிடும். கிடைப்பது பாணி. லீற்றருக்குச் சுமார் 17 கிராம் சீனி ஒரு வீத மதுசாரமாகிறது. பழத்தின் சொந்தச் சீனியையும் சேர்த்து லீற்றருக்கு 200 கிராம் அளவில் நின்றால் 12 வீதத்துக்குக் கிட்ட வரும். வைனுக்கு அது நல்ல அளவு.

* அடர்த்திமானி ஒன்று வாங்குங்கள். தண்ணீரில் அது 1.000 காட்டும், இனிப்பான முந்திரிகைச் சாற்றில் 1.090 அளவில் மிதக்கும். அப்பிள் சாற்றில் 1.050 அளவில். நொதித்து முடிந்த வைனில் 1.000க்கும் கீழே இறங்கும். குமிழி நின்றுவிட்டது, ஆகவே முடிந்தது என்று கண்ணால் முடிவெடுக்காதீர்கள். குளிரில் ஈஸ்ட் உறங்கினாலும் குமிழி நிற்கும். சில நாள் இடைவெளியில் அளந்து, இலக்கம் அசையாமல் நின்றால் மட்டுமே முடிந்தது.

* இனிப்பு வேண்டுமென்றால், முதலில் சீனி முழுவதும் தீரும்வரை நொதிக்க விடுங்கள், தெளிந்த பிறகு இனிப்பைச் சேருங்கள். நடுவில் மறிக்கப் பார்க்காதீர்கள். மும்முரமாக வேலை செய்கிற ஈஸ்டை வீட்டில் நிறுத்துவது கடினம். தெளிந்த வைனை மண்டியிலிருந்து பிரித்து, பொற்றாசியம் சோபேற்றும் சல்பைற்றும் பொதியில் சொன்ன அளவில் போட்ட பிறகே சீனி. சோபேற்று ஈஸ்டைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் தடுக்கிறது. அதனால் கலங்கலான, ஈஸ்ட் நிறைந்த வைனில் அதைப் போட்டுப் பயனில்லை.

* இனிப்பு மிஞ்சிய, காவல் செய்யாத சைடரைக் கண்ணாடிப் போத்தலில் அடைக்காதீர்கள். ஷாம்பெயின் போத்தலுக்குள் லீற்றருக்கு 24 கிராம் சீனி நொதித்தால் சுமார் 6 வளிமண்டல அழுத்தம் எழும்பும். அதைத் தாங்கத்தான் அந்தப் போத்தல் அவ்வளவு தடிப்பு. சாதாரண வைன் போத்தல் தாங்காது, சமையலறையில் கண்ணாடி பறக்கும்.

பிரான்சின் நோர்மண்டியிலும் பிரிட்டனியிலும் இனிப்புச் சைடர் வைக்கிறவர்களின் முறை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும், அதில் சுண்ணாம்பின் உறவு இருக்கிறது. அப்பிள் சாற்றிலுள்ள பெக்ரினைக் கல்சியத்தோடு சேர்ந்து கூழாகத் திரளவிடுகிறார்கள். அந்தக் கூழ் ஈஸ்டுக்கு வேண்டிய சத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஒரு மண்ணிற ஆடையாக மிதக்கும். கீழே தெளிந்த சாற்றை எடுத்துவிட்டால், பட்டினி கிடக்கிற ஈஸ்ட் மெல்ல மெல்ல வேலை செய்து, சீனியில் ஒரு பங்கை மிச்சம் விட்டு ஓய்கிறது. அங்கே ஈஸ்டைப் பட்டினி போடுகிறார்கள், இங்கே காரத்தால் முடக்குகிறோம். இரண்டிலும் கல்சியம் இருக்கிறது. வேலை வேறு வேறு. ஆகவே அப்பிள் சாற்றில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துப் பார்க்காதீர்கள், சாறு பழுதாகும்.

மரத்துக்கும் ஏறுகிறவருக்கும்

* எல்லாப் பாளையையும் சீவ விடாதீர்கள். பெண்பனையில் நுங்குக்கும் பழத்துக்கும் சிலதை விட்டுவையுங்கள். ஓர் ஆண்டு முழுதாகச் சீவிய மரத்துக்கு அடுத்த ஆண்டு ஓய்வு கொடுக்கலாம்.

* சுண்ணாம்புப் பூச்சுக்குக் கூலி தனியாகக் கொடுங்கள். கள்ளு முட்டியைவிடக் கருப்பநீர் முட்டியில் வேலை கூட: கழுவ வேண்டும், சுட வேண்டும், பூச வேண்டும், நேரம் தவறாமல் இறக்க வேண்டும். கள்ளுக்குக் கிடைக்கிற விலையைவிடக் குறைவாகக் கருப்பநீரைக் கேட்டால் எந்தத் தொழிலாளியும் அதை இறக்கமாட்டார்; அவர்மேல் பிழையும் இல்லை. விடியற்புறம் வீட்டு வாசலுக்கு வருகிற கருப்பநீருக்கு விலை பேசிக் குறைக்காதீர்கள்.

* அடுத்த முறை கிழங்குப் பாத்தி போடும்போது, வேலியோரம் சில விதைகளைத் தனியாகப் புதைத்துவிடுங்கள், கிழங்குக்கென்று கிண்டாதீர்கள். பனை பாளை தள்ளப் பன்னிரண்டு, பதினைந்து வருடமாவது எடுக்கும். மயிலிட்டியில் வெறுமையாய்க் கிடக்கிற எல்லைகளில் இப்போதே போட்டால்தான், இன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் தங்கள் வளவு மரத்தில் கருப்பநீர் இறக்குவார்கள்.